இருநூற்றுப் பதின்மூன்றாம் வரி

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நான்கு வருடம் பேசாமல் இருந்தது போதும். இதற்குமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பெருந்தன்மை இல்லை, உடந்தை.

மின்னஞ்சலில் எழுதாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மின்னஞ்சல் என்றால் படித்தோ படிக்காமலோ உதவியாளருக்குத் தள்ளிவிடுவீர்கள். காகிதத்தைக் கையில் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் பிரிவு வெளியிட்டிருக்கும் இருபத்திரண்டாவது ஆய்வுத்துறை வரைபடத்தின் வரைவைப் பார்த்தேன். உங்கள் பிரிவு என்றுதான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது. அங்கே முதல் மேஜை வந்து இறங்கியபோது அதன் முன்னால் உட்கார்ந்தவன் நான். எந்தப் புதுத் தொழில்நுட்பம் வளர்கிறது, எது ஓய்கிறது, எது எதோடு சேரப்போகிறது என்பதைப் பெரிய மனிதர்களின் வாய்ச்சொல்லை நம்பாமல் ஆய்வுக்கட்டுரைகளையே சாட்சிக்கு அழைத்துச் சொல்லலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றாத காலம் அது. இரண்டு கட்டுரைகளை மூன்றாமவர் ஒருவர் சேர்த்து மேற்கோள் காட்டினால் அவற்றுக்கு நடுவே ஒரு நூல். நூல்கள் அடர்ந்தால் ஒரு வட்டம். அந்த வட்டம்தான் ஒரு துறை. கேன்டீன் மேஜையில் தண்ணீர் டம்ளரின் ஈரத் தடங்களை வைத்து நான் இதை உங்களுக்கு விளக்கியது நினைவிருக்கும். அப்போது நீங்கள் மாப்பிள்ளை ஆகவில்லை. நண்பராக மட்டும் இருந்தீர்கள்.

இப்போது உங்கள் வரைபடத்தில், உடலுக்குள் கரைந்துபோகும் மின்சுற்றுகள் என்ற சின்ன வட்டம் பேட்டரிப் படலங்கள் என்ற பெரிய வட்டத்துக்குள் வழுக்கிப்போய் விழுகிறது. "மூன்று ஆண்டுகளில் முழுமையாக ஒன்றுகூடும்" என்று கீழே குறிப்பு வேறு. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அடுத்த மாதக் கடைசியில் ஆய்வு நிறுவனத்தின் குழு கூடி, சின்ன வட்டத்தின் ஆய்வகத்தை மூடி அதன் ஆட்களைப் பேட்டரிக் கட்டடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைக்கப்போகிறது. அந்த ஆய்வகத்தின் தலைவி என் தங்கை, எங்கள் வீட்டுச் சின்னவள். உங்கள் மனைவி.

அறுவை சிகிச்சையில் உள்ளே வைத்த கருவி வேலை முடிந்ததும் தானே கரைந்துவிட வேண்டும், அதை எடுக்க மறுபடி உடலைக் கிழிக்கக் கூடாது. அவள் வேலை அது. இதற்கும் பேட்டரிக்கும் என்ன உறவு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள்.

வரைபடம் தவறு. எங்கே தவறு என்பது பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதை நான் ஏன் உங்களுக்குச் சொல்ல வேண்டும்? பதினெட்டாவது வரைபடத்தின் அட்டையில் என் பெயர் இருந்த இடத்தில் "வரைபடப் பிரிவு" என்று போட்டு அதற்குக் கீழே உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டீர்கள். வெளியீட்டன்று எனக்கு மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் நாற்காலி. மறுநாள் நான் வேலையை விட்டதை இன்றுவரை நீங்கள் "ஓய்வு" என்று சொல்லி வருவதாகக் கேள்வி.

நான் எழுதியதைச் சின்னவளிடம் சொல்ல வேண்டாம். அவளோடு பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. உங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று நான் எடுத்த முடிவில் அவளும் சேர்ந்து அடிபட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
(முழுக் கையெழுத்து, பட்டங்களுடன்)
வரைபடப் பிரிவின் முதல் தலைவர்


மார்ச் 11

மச்சான்,

கடிதம் கிடைச்சுது. நாலு வருஷம் கழிச்சு உங்க கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன். பிரிச்சுப் பார்த்தா திட்டு. அப்பாடான்னு இருந்துச்சு.

நான் பேசற மாதிரியேதான் எழுதறேன், உங்க மாதிரி எழுத வராது. அந்தக் காகிதத்துல கால்வாசி இடம் கையெழுத்துக்கே போயிடுச்சு. முதல் தலைவர்னு போட்டுக்கணுமா? ஆபீஸ்ல உங்களை இன்னும் "நூல்கண்டு"ன்னுதான் சொல்றாங்க. மரியாதையாத்தான்.

அட்டை விஷயத்துக்கு வரேன். தனி ஆளு பேரு வேண்டாம், பிரிவோட பேரு போதும்னு சொன்னது இயக்குநர். நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. பிரிவுத் தலைவர்னு என் பேரு கீழ வந்தப்போ அதுக்கும் வாயைத் திறக்கல. இதைச் சொல்ல மூணு தடவை உங்க வீட்டு மாடி ஏறினேன். ரெண்டு தடவை கதவு திறக்கல. மூணாவது தடவை நான் மணி அடிக்கல.

உங்க தங்கச்சி இதைப் பத்தி என்கூட ஒரு வார்த்தை பேசல. பேசாம இருக்கறதுல உங்க குடும்பத்துக்குத் தனியா ஒரு பட்டமே கொடுக்கலாம். வரைவோட ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டு வந்து சாப்பாட்டு மேஜைல வெச்சேன், அவளா கேப்பாளோன்னு. அடுப்புலேர்ந்து இறக்கின பாத்திரத்தைச் சத்தமில்லாம அது மேல வெச்சா. இப்ப பேட்டரி வட்டத்து மேல இன்னொரு வட்டம் இருக்கு, கரி வட்டம்.

நீங்க விட்டுட்டுப்போன கணினி நிரலைத்தான் ஓட்டினோம், மூணு தடவை. மூணு தடவையும் அதே விடை. எனக்கே மனசு ஒப்பல. ஆனா புருஷன்காரன் எழுந்து வரைபடம் தப்புன்னு சொன்னா எப்படி இருக்கும்? பேட்டரிக் கட்டடத்துத் தலைவர் போன வாரம் லிஃப்ட்ல என்னைப் பார்த்து, "என்ன சார், வீட்டுல சாப்பாடு போடறாங்களா"ன்னு கேட்டார். கூட இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ஆட்சேபம் சொல்ல ஏப்ரல் 20 வரைக்கும் நேரம் இருக்கு. தப்பு எங்கேன்னு சொல்லுங்க. திட்டிக்கிட்டே சொல்லுங்க, பரவாயில்ல.

மாப்பிள்ளை


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

கதவு திறக்காத இரண்டு முறையும் நான் உள்ளேதான் இருந்தேன். மூன்றாவது முறை கதவுத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். செருப்பைக் கழற்றினீர்கள், மறுபடி மாட்டிக்கொண்டீர்கள், போனீர்கள். தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

தவறு இதுதான். மெல்லிய படலங்களின் தடிமனை அளக்க ஓர் இயந்திரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் அதை உருவாக்கியவர்கள் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. பேட்டரிக்காரர்களும் காட்டுகிறார்கள், சின்னவளின் ஆட்களும் காட்டுகிறார்கள். நிரலுக்கு என்ன தெரியும்? இரண்டு கூட்டமும் ஒரே கட்டுரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து உறவு என்று நூலைப் போட்டுவிட்டது. காய்கறிக் கடைக்காரரும் இரும்புக் கடைக்காரரும் ஒரே இடத்தில் தராசு வாங்கினால் சம்பந்தி ஆகிவிடுவார்களா? நீங்கள் கல்யாணத்துக்கு நாளே குறித்துவிட்டீர்கள்.

என் காலத்தில் ஏன் இப்படி நடக்கவில்லை என்று ஒரு முறையாவது யோசித்திருக்கலாம். நிரலை ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் நான் சில கட்டுரைகளை என் கையாலேயே விலக்கிவிடுவேன். இயந்திரக் குறிப்புகள், சூத்திரங்கள், எல்லோரும் மேற்கோள் காட்டி யாரும் படிக்காத சங்கதிகள். வரிக்கு ஒன்றாக ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் இருநூற்றுப் பதின்மூன்று வரிகள். தடிமன் இயந்திரம் இருநூற்று ஏழாவது வரி.

நிரல், தரவு, அலமாரிச் சாவி, காகிதத்தின் மேல் வைக்கும் கண்ணாடிக் குண்டு வரைக்கும் உங்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நோட்டை மட்டும் எடுத்து வந்தேன். நோட்டு ஒன்று உண்டு என்பதே உங்களுக்குத் தெரியாது. அதன் பலனைத்தான் பார்க்கிறோம். மூன்று வருடமாக உங்கள் வரைபடத்தில் எல்லா வட்டங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வருகின்றன. போன வருட முன்னுரையில் அதற்கு "ஒன்றுகூடும் யுகம்" என்று பெயர் சூட்டியிருந்தீர்கள். யுகமும் இல்லை ஒன்றும் இல்லை. குழாயில் வடிகட்டி இல்லை, அவ்வளவுதான்.

நோட்டை அனுப்புவதற்கில்லை. முதலாவது, நீங்கள் கேட்கவில்லை. இரண்டாவது, என் கையெழுத்து உங்களுக்குப் புரியாது. மூன்றாவது, பதினெட்டு வருட உழைப்பை ஒரு முறை கொடுத்துப் பார்த்தேன், தூணுக்குப் பின்னால் நாற்காலி கிடைத்தது.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். இருபத்திரண்டாவது வரைபடத்தின் அட்டையில் என் பெயர். முதலில், முழுதாக.

இப்படிக்கு,
(முழுக் கையெழுத்து)


மார்ச் 25

மச்சான்,

ரெண்டு நாள் சிரிச்சேன், ஒரு நாள் கோபப்பட்டேன். இப்ப ரெண்டும் தீர்ந்துபோய் எழுதறேன்.

உங்க வரைபடம் ஒவ்வொண்ணோட கடைசிப் பக்கத்துலயும் "மனிதக் கை படாமல் முழுவதும் கணினியால் தயாரிக்கப்பட்டது"ன்னு கொட்டை எழுத்துல இருக்கு. எழுதினது யாரு? நீங்க. அதை வெச்சுத்தான் வெளியூர் கருத்தரங்குல எல்லாம் கைதட்டு வாங்கினீங்க. கை படலைன்னு நீங்களே சத்தியம் பண்ணினப்புறம் அந்தக் கை எங்கேன்னு நான் எப்படிக் கேக்கறது? நோட்டை மறைச்சது நாலு வருஷத்துக்கு முன்னாடி இல்ல மச்சான். முதல் வருஷத்துலயே மறைச்சுட்டீங்க.

சரி, விடுங்க. நான் இயக்குநர்கிட்ட பேசிட்டேன். நோட்டைப் பத்தி சொல்லல, மச்சான் ஒரு தப்பைக் கண்டுபிடிச்சிருக்கார்னு மட்டும் சொன்னேன். உங்க கையெழுத்தோட ஆட்சேபம் வந்து, அது சரின்னும் ஆச்சுன்னா, அட்டைல உங்க பேரு முதல்ல வரும். எழுத்துலயே வாங்கி வெச்சிருக்கேன். நீங்க ஜெயிச்சாச்சு.

ஒரே ஒரு சிக்கல். உங்க பேரைப் பார்த்ததும் பேட்டரிக்காரர் சும்மா இருக்க மாட்டார். அண்ணன் எழுதறார், புருஷன் வாங்கிக்கறான், வேலிக்கு ஓணான் சாட்சின்னு குழுல சொல்வார். பாதிப் பேரு அவர் பக்கம் சாய்வாங்க. கணக்கை யாரும் பார்க்க மாட்டாங்க, நம்ம குடும்பத்தைத்தான் பார்ப்பாங்க. பேரு இல்லாம அனுப்பவும் வழி இருக்கு. நீங்க முதல் வருஷம் எழுதின விதிதான்: "ஆட்சேபத்துக்குப் பெயர் வேண்டாம். முழுச் செய்முறை வேண்டும். யார் செய்து பார்த்தாலும் அதே விடை வந்தால் ஏற்கப்படும்." மேலதிகாரிக்குப் பயந்த யாரோ ஒரு ஆய்வக உதவியாளருக்காக எழுதினதுன்னு சொல்லியிருக்கீங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் அதைத் தொட்டதில்ல. உங்களையே அதைத் தொடச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல.

எப்படி அனுப்பினாலும் முழுச் செய்முறைன்னா நோட்டு முழுசா வரணும். இருநூத்திப் பதிமூணு வரியும்.

நம்பிக்கை இல்லாம கேக்கறேன்னு நினைக்காதீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல, ஒரு காலத்துல எனக்கும் ஒரு வட்டம் இருந்துச்சு. அதிர்வுலேர்ந்து மின்சாரம் எடுக்கறது. சின்ன வட்டம்தான், நடுவுல என் கட்டுரை. பதினாறாவது வரைபடத்துல பார்த்தா அந்த இடமே காலி. "ஓய்ந்தது"ன்னு அடிக்குறிப்பு. நாலஞ்சு பேரு அப்பவும் எனக்கு எழுதிக்கிட்டுத்தான் இருந்தாங்க, அதனால கொஞ்சம் குழப்பமா இருந்துச்சு. ஆனா மச்சான் போட்ட கணக்கு பொய் சொல்லாதுல்ல. மேஜையைக் காலி பண்ணிட்டு நிர்வாகத்துக்கு வந்தேன். அடுத்த வருஷமே உங்க பிரிவுக்கு என்னைத் தலைவனாப் போட்டாங்க. அன்னிக்கு உங்க கணக்கை நம்பி என் வேலையையே விட்டவன் நான். இன்னிக்கும் நம்பறேன். அதனாலதான் நோட்டைக் கேக்கறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

நோட்டை அனுப்ப இயலாது. அதில் என் சொந்தக் குறிப்புகள் சில உள்ளன.

இருநூற்று ஏழாவது வரியை மட்டும் சொல்லி ஆட்சேபம் எழுத முடியுமா என்று பார்த்தேன். முழுச் செய்முறை என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். என் விதியில் ஓட்டை தேடி நானே மூன்று நாள் உட்கார்ந்தேன். இல்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அட்டையில் பெயரை எந்த அளவு எழுத்தில் போடுவார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறாவது வரைபடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுத முயன்றேன். வரவில்லை.

(கையெழுத்து)


ஏப்ரல் 9

மச்சான்,

ஆய்வகத்துல பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. யாரும் கட்டச் சொல்லல. மே மாசம் அடுத்தவன் வந்து தூக்கிப் போடறதுக்கு நாமளே கட்டிடலாம்னு உங்க தங்கச்சி சொல்லிட்டாளாம். அவகிட்ட வேலை செய்யற ஏழு பேரும் மூடி வெச்ச பெட்டி மேல உட்கார்ந்து டீ குடிக்கறாங்க. போய்ப் பார்த்தேன். எனக்கும் ஒரு பெட்டியைக் காட்டினாங்க.

அவ சனிக்கிழமை காலைல உங்க வீட்டுக்கு வரப் போறா. நான் அனுப்பல. நம்ம கடிதத்தை எல்லாம் என் அலமாரியிலேர்ந்து எடுத்துப் படிச்சிருக்கா. கதவைத் திறங்க மச்சான். துளை வழியா பார்த்துட்டு நிக்காதீங்க.

மாப்பிள்ளை


ஏப்ரல் 15

மாப்பிள்ளைக்கு,

திறந்தேன்.

பதினோரு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்து சுவரைப் பார்த்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் பதினேழு அட்டைகள், பதினேழிலும் என் பெயர். பதினெட்டாவதுக்கு அடித்த ஆணி வெறுமனே நிற்கிறது. அந்த ஆணியைத்தான் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணா, ஒரு அட்டைல பேரு இல்லைன்னு நாலு வருஷம் கதவைச் சாத்திக்கிட்ட. என்கிட்ட ஏழு பேர் வேலை செய்யறாங்க. அவங்க பேரு எந்த அட்டைலயும் என்னிக்குமே இருந்ததில்ல. காலைல எட்டு மணிக்கு வந்துடறாங்க."

தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நோட்டு அவள் கையில் இருந்தது. என் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், சின்ன வயதில் அவளுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தவன் நான் என்பதால். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது ஏன் இங்க இருக்கு?" என்றாள்.

அந்த வரியை அவளுக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்து கொடுத்தவளே அவள்தான்.

இருநூற்றுப் பதின்மூன்றாவது வரி உங்கள் கட்டுரை. அது இயந்திரக் குறிப்பு இல்லை, சூத்திரம் இல்லை. அதை விலக்க ஒரு காரணமும் இல்லை. பதினாறாவது வரைபடத்துக்கு முன்னால் நடந்த ஆண்டுக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்காது. நான் பேசி முடித்ததும் நீங்கள் எழுந்து, "மச்சான் வட்டம் வட்டமா வரையறார், நமக்குத்தான் தலை சுத்துது" என்றீர்கள். அவை முழுதும் சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அறைக்குத் திரும்பி, நோட்டைத் திறந்து, அந்த ஒரு வரியை எழுதினேன். ஒரு வருடம் மட்டும், ஒரு பாடம் கற்பிக்க, அடுத்த வருடம் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த நோட்டில் நான் ஒரு வரியும் சேர்க்கவில்லை.

நடுக்கம்பத்தைப் பிடுங்கிய பந்தல் என்ன ஆகும்? உன் வட்டத்தின் நூல்கள் எல்லாம் உன் கட்டுரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அதை எடுத்ததும் மீதி சிதறிவிட்டது. சிதறியதை நிரல் ஓய்ந்தது என்று குறித்துவிட்டது. ஓய்ந்தது என்று ஒரு முறை குறித்த வட்டத்தை நிரல் மறுபடி திரும்பிப் பார்க்காது, அதுவும் நான் எழுதிய விதி. நான் வரியை அடிப்பதற்குள் நீ மேஜையைக் காலி செய்துவிட்டாய். காலி செய்து எங்கே வந்தாய்? என் தலைமேல் அதிகாரியாக வந்து உட்கார்ந்தாய். பிறகு நீ என் பெயரை எடுத்தாய் என்று நான்கு வருடம் உன்னைச் சபித்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்று படித்திருக்கிறேன். சுட்டதை அடுத்தவன் வைத்த நெருப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நோட்டை ஏன் அனுப்பவில்லை என்பதற்கு மூன்று காரணம் எழுதினேன் அல்லவா. மூன்றும் பொய். மடியில் கனம், அதனால் வழியில் பயம்.

"நீ" என்று எழுதிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அப்படித்தானே கூப்பிட்டேன். அடித்துவிட்டு "நீங்கள்" என்று மாற்ற மனம் வரவில்லை.

சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டை மூடி மேஜையில் வைத்தாள். குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவரிடம் நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும் என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் சொன்னாள்: "என் ஆய்வகத்தைக் காப்பாத்தறேன்னு அனுப்பாத. எலி வளைன்னாலும் தனி வளைதான், ஆனா பொய்ல தோண்டின வளை எனக்கு வேண்டாம். கணக்கு எங்களை அங்கதான் சேர்க்குதுன்னா பெட்டியோட போயிடறோம். தப்புன்னா மட்டும் அனுப்பு."

சனியும் ஞாயிறும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தரவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, நிரல் என் தலைக்குள் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளை விலக்கி, உன் வரியைத் திரும்பச் சேர்த்து, ஓய்ந்தவற்றையும் ஒரு முறை பார் என்று சொல்லி ஓட்டினேன். விடை இது.

அவள் வட்டத்துக்கும் பேட்டரி வட்டத்துக்கும் நடுவில் உங்கள் வரைவில் அறுபத்து நான்கு நூல்கள். அதில் ஐம்பத்தெட்டு தடிமன் இயந்திரம் வழியாக வந்தவை. மிச்சம் ஆறு. ஆறு நூலை வைத்துக்கொண்டு ஒரு ஆய்வகத்தை இழுத்து மூட முடியாது. பொத்தான்கூடத் தைக்க முடியாது.

உன் வட்டம் சாகவில்லை. நீ விட்டுப்போன பிறகும் நம் வரைபடத்தைப் பார்க்காத யாரோ சிலர், அது ஓய்ந்துவிட்டது என்று தெரியாமலே, அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். கடந்த மூன்று வருடத்தில் பத்தொன்பது கட்டுரைகள். எல்லாம் உன்னை மேற்கோள் காட்டுகின்றன. அந்த வட்டத்திலிருந்து பதினொரு நூல் ஒரு பக்கமாகப் போகிறது. எந்தப் பக்கம் என்று மூன்று முறை சரிபார்த்தேன். சின்னவள் பக்கம். உடலுக்குள் வைக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும், கருவியோடு சேர்ந்து அதுவும் கரைய வேண்டும், அதனால் பேட்டரி ஆகாது. இதயத்துடிப்பின் அதிர்விலிருந்தே எடுத்தால் என்ன என்று முன்பின் தெரியாத சிலர் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு ஒருவர்க்கொருவர் கேட்டுக்கொள்ளாத கேள்வி. நான் அழித்து வைத்திருந்த கேள்வி.

பதினொரு நூல் துணி ஆகாது. ஒன்றுகூடப்போகிறது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தைப் பாருங்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லத் தகுதியுள்ள ஆள் நான்தான் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. என் குணத்தில் கோணல் உண்டு. என் கணக்கில், அந்த ஒரு வரியைத் தவிர, கிடையாது.

ஆட்சேபம் ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. நோட்டின் எல்லா வரிகளையும் பிரதி எடுத்து இணைத்திருக்கிறேன், உன் வரி உட்பட. அதற்கு எதிரே, "இந்தக் கட்டுரை, வரைபடங்களைத் தயாரித்தவரால் தகுந்த காரணமின்றி விலக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில், "மனிதக் கை படாமல் என்று பதினெட்டு வருடம் அச்சிட்டது உண்மையல்ல" என்று ஒரு வாக்கியம். அதை எழுத அரை நாள் ஆனது. இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி உனக்கு. மூலம் குழுவின் ஆட்சேபப் பெட்டிக்கு.

கையெழுத்துக்கு வருகிறேன். இயக்குநர் எழுத்தில் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னாய். பேனாவின் மூடியைக் கழற்றி முனையை ஒன்பதாம் பக்கத்தின் அடியில் வைத்துக்கொண்டு காலையெல்லாம் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் அந்த ஆணி. போட்டால் அட்டையில் முதலில், முழுதாக வருவேன். போட்டால் அண்ணன் தங்கைக்காக எழுதினான் என்பார்கள், கணக்கை மூடி வைத்துவிட்டு என்னைத் திறந்து படிப்பார்கள். ஏழு பேர் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெயர் போடாமல் பழிக்குத் தப்பப் பார்க்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. வரைபடங்களைத் தயாரித்தவர் யார் என்று அந்தக் கட்டடத்தில் வாயிற்காவலருக்குக்கூடத் தெரியும். பழி விலாசம் இல்லாமலே வீடு தேடி வந்துவிடும். புகழுக்குத்தான் கையெழுத்து வேண்டும்.

நீ அன்றைக்கு என் பெயரை எடுத்தாய். இன்றைக்கு நானே வைக்காமல் விடுகிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நீ கேட்டால் சிரிப்பேன், ஆனால் வித்தியாசம் இருக்கிறது. நான்கு மணிக்குத் தபால் எடுப்பார்கள். இரண்டு உறைக்கும் விலாசம் எழுதிவிட்டேன். வாழ்நாள் முழுக்க மொட்டைக் கடிதம் எழுதுகிறவனை இளக்காரமாகப் பேசியவன், இப்போது படியிறங்கிப் போய் ஒன்றைப் பெட்டியில் போடப்போகிறேன். ஒன்றில்லை, இரண்டு. இதற்கும் கையெழுத்துப் போடவில்லை. எழுதியது யார் என்று உனக்குத் தெரியும்.